ஹிஜாஸ் இரயில்: நன்கொடையால் இட்ட தண்டவாளமும் அதில் ஓடிய சரக்கு வண்டிகளும்

மதீனா முனவ்வராவுக்கு ஜியாரத் செல்லும் நம்மவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் தொழுகிறார்கள். நபி (ஸல்) அவர்களுக்கு ஸலாம் உரைக்கிறார்கள். குபாவுக்கும் உஹதுக்கும் சென்று வருகிறார்கள். ஹரமிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், அன்பரிய்யா பகுதியில், கருங்கல்லால் கட்டப்பட்ட பழைய இரயில் நிலையம் ஒன்று நிற்பதை அவர்களுள் பலர் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் அதைத் துருக்கியர் காலத்துக் கட்டடம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்த நிலையத்தை நோக்கித் திமிஷ்கிலிருந்து (டமாஸ்கஸ்) சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை வந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி நம் முன்னோர் வாழ்ந்த இந்தியாவிலிருந்தும் போனது.

ஹிஜாஸ் இரயில் என்றதும் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைப் பற்றியும், முதல் உலகப் போரில் அந்தப் பாதைக்கு வெடி வைத்த ஆங்கிலேயர்களைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. இரண்டும் பேச வேண்டியவையே. ஆயினும் அந்த எஞ்சின்கள் எதை எரித்தன, எந்த நீரைக் குடித்தன, அவற்றின் பின்னே பூட்டப்பட்ட வேகன்களில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகப் புரிகிறது. ஹாஜிகளுக்கென்று தொடங்கிய பாதை அது. அதைப் பெருமளவுக்குத் தாங்கிப் பிடித்ததோ கோதுமை மூட்டைகளும் பிற்காலத்தில் பாஸ்பேட் தாதுவும்தான். இந்தப் பக்கத்தை நம் நூல்கள் அதிகம் தொடுவதில்லை.

1900ஆம் ஆண்டு மே மாதத்தில் சுல்தான் இத்திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அவர் அரியணை ஏறிய இருபத்தைந்தாம் ஆண்டு விழாவையொட்டி, வேலை தொடங்கியது. அப்போது உஸ்மானிய அரசின் கருவூலம் ஐரோப்பியக் கடன்காரர்களின் கண்காணிப்பில் இருந்தது. 1881 முதல் அரசின் வருவாயில் ஒரு பெரும்பகுதியைக் கடன் நிர்வாகம் ஒன்று நேரடியாக வசூலித்து வந்தது. பேரரசின் மற்ற இரயில் பாதைகளுள் பெரும்பாலானவை அயல்நாட்டு முதலீட்டில், அயல்நாட்டு நிறுவனங்களின் இலாபத்துக்காக ஓடின. இந்தப் பாதைக்கு மட்டும் வெளிக்கடன் வாங்குவதில்லை, முஸ்லிம்களின் பணத்திலேயே கட்டுவது என்று முடிவாயிற்று. சுல்தான் தாமே முதல் நன்கொடையை அளித்தார். அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. முத்திரைத் தாள்கள் வழியாகவும் பணம் திரட்டப்பட்டது. நமக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றும் வழி இன்னொன்று: குர்பானித் தோல். பெருநாளில் அறுக்கப்பட்ட பிராணிகளின் தோல்கள் சேகரிக்கப்பட்டு, அவற்றை விற்ற பணம் இரயில் நிதியில் சேர்க்கப்பட்டது. இன்றும் நம் ஊர்களில் பெருநாள் அன்று மத்ரஸாவுக்காகத் தோல் சேகரிக்கும் இளைஞர்களைப் பார்க்கிறோம். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அதே வழியில் சேர்ந்த காசு தண்டவாளமாயிற்று.

மொராக்கோ முதல் தென்கிழக்காசியா வரை முஸ்லிம்கள் வாழ்ந்த நாடுகளிலிருந்து நன்கொடை வந்தது. இந்தியாவில் இதற்காக முன்னின்று உழைத்தவர்களுள் லாகூரில் பத்திரிகை நடத்திய முஹம்மத் இன்ஷாஅல்லாஹ்வும், ஹைதராபாதின் முல்லா அப்துல் கையூமும் குறிப்பிடத்தக்கவர்கள். நன்கொடை தந்தவர்களுக்கு உஸ்மானிய அரசு பதக்கம் வழங்கியது. தொகைக்கு ஏற்ப நிக்கல், வெள்ளி, பொன் என்று மூன்று தரம். அப்பதக்கத்தில் சுல்தானின் துக்ராவோடு ஒரு நீராவி எஞ்சினின் உருவமும் பொறிக்கப்பட்டிருந்தது. மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நன்கொடையாகவே வந்தது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. எஞ்சியதை வரிகளும் பிடித்தங்களும் ஈடுகட்டின.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து பணம் தந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்த இரயிலில் ஏறியிருக்க வாய்ப்பில்லை. நம் ஹாஜிகள் பம்பாயில் கப்பல் ஏறி ஜித்தாவில் இறங்குபவர்கள். ஜித்தாவிலிருந்து மக்காவுக்கும், மக்காவிலிருந்து மதீனாவுக்கும் ஒட்டகமே கதி. மதீனாவிலிருந்து மக்கா வரை பாதையை நீட்டும் திட்டம் இருந்தது, அது நிறைவேறவேயில்லை. திமிஷ்கிலிருந்து வரும் துருக்கி, ஷாம் நாட்டு ஹாஜிகளின் சிரமம் தீரட்டும் என்றுதான் அவர்கள் கொடுத்தார்கள்.

இனி பாதையைப் பார்ப்போம். தண்டவாளங்களின் இடைவெளி 1,050 மில்லிமீட்டர். நம் தென்னிந்தியாவில் ஓடிய மீட்டர் கேஜைவிட ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே அகலம். இந்த விசித்திர அளவுக்குக் காரணம் உண்டு. பெய்ரூத்திலிருந்து திமிஷ்க் வரை பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 1895இல் திறந்த மலைப்பாதை இதே அளவில் இருந்தது. கப்பலில் வரும் எஞ்சினும் வேகனும் தண்டவாளமும் அந்தப் பாதை வழியாகத்தான் திமிஷ்கை அடைய முடியும். ஆகவே அளவும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பிரெஞ்சு நிறுவனமோ கட்டணத்தைக் குறைக்க மனமில்லாமல் இருந்தது. அதனால் உஸ்மானியர் கடலுக்குத் தமக்கென ஒரு வழி தேடி, ஹைஃபா துறைமுகத்திலிருந்து தர்ஆ வரை 161 கிலோமீட்டர் கிளைப்பாதை அமைத்தனர். அது 1905இல் முடிந்தது. ஹவ்ரான் சமவெளியிலிருந்து யர்மூக் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே பாலங்களும் சுரங்கங்களுமாக இறங்கி, ஜோர்தான் நதியைக் கடக்கும் இடத்தில் கடல் மட்டத்துக்கும் 246 மீட்டர் கீழே சென்று, பின்னர் மத்தியதரைக் கடலை நோக்கி மீண்டும் ஏறுகிறது அந்தப் பாதை.

முதன்மைப் பொறியாளர் ஜெர்மானியரான ஹைன்ரிச் ஆகஸ்ட் மைஸ்னர். பின்னாளில் பாஷா பட்டம் பெற்றவர். அல்-உலாவுக்குத் தெற்கே, ஹரம் எல்லையை நோக்கிய பகுதியில், முஸ்லிம் பொறியாளர்களே வேலை செய்ய வேண்டும் என்ற நிலையில் ஹாஜி முக்தார் பே பொறுப்பேற்றார். மண்ணை வெட்டியவர்களும் கல்லைச் சுமந்தவர்களும் பெரும்பாலும் உஸ்மானியப் படைவீரர்கள். இந்த வேலைக்கு வந்தால் படையில் இருக்க வேண்டிய காலம் குறையும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஊக்கம். காலராவிலும் வெயிலிலும் மாண்டவர்கள் பலர். நன்கொடையாளர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது பாதையோரத்துக் கப்ருகள்.

மரக்கட்டைகளின்மீது தண்டவாளம் இடுவது அக்கால வழக்கம். இங்கே பெரும்பாலும் எஃகுக் கட்டைகளே இடப்பட்டன. பாலைவனக் காய்ச்சலில் மரம் வெடிக்கும். விறகே இல்லாத நாட்டில் மரக்கட்டை இரவோடிரவாக அடுப்புக்குப் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. ஓடைகள் ஆண்டில் பெரும்பகுதி வறண்டே கிடந்தாலும், மழை பெய்தால் சில மணி நேரத்தில் கரையை அடித்துக்கொண்டு போகும். அதற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பாலங்களும் மதகுகளும் கட்டப்பட்டன. செதுக்கிய கல்லால் ஆன அவற்றுள் பல இன்றும் சிதையாமல் நிற்கின்றன. பாதை 1904இல் மஆனை அடைந்தது, 1906இல் தபூக்கை, 1908 செப்டம்பர் 1 அன்று மதீனாவில் திறப்பு விழா. ஒட்டகக் காஃபிலாவில் ஏறத்தாழ நாற்பது நாள் பிடித்த பயணம் மூன்று நாளாகச் சுருங்கியது.

எஞ்சின்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தன. மூனிச்சின் கிராஸ், கெம்னிட்ஸின் ஹார்ட்மன், யுங் ஆகிய தொழிற்சாலைகளின் பெயர்கள் அவற்றின் தகடுகளில் இருந்தன. தண்டவாளம் எடை குறைந்தது. ஆகவே ஒவ்வோர் அச்சிலும் விழும் பாரம் குறைவாக இருக்க வேண்டும். அதே சமயம் நீண்ட சரக்கு வண்டியை மேட்டில் இழுக்கும் வலுவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற, இயங்கு சக்கரங்கள் பக்கத்துக்கு நான்காக எட்டு உள்ள எஞ்சின்கள் தருவிக்கப்பட்டன. பாரம் பல சக்கரங்களில் பரவும், பிடிப்பும் குறையாது. வேகம் வராது. பாலைவனத்தில் வேகத்தை எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. மஆனுக்குத் தெற்கே பத்னுல் கூல் என்றோர் இடம் உண்டு. பூதத்தின் வயிறு என்று பொருள். மேட்டு நிலத்தின் விளிம்பிலிருந்து பாதை அங்கே வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும். வடக்கு நோக்கி அதில் ஏறி வரும் சரக்கு வண்டிக்கு, எட்டுச் சக்கரம் இருந்தும் மூச்சு வாங்கியிருக்கும்.

அந்த எஞ்சின்களுக்கு வெப்பத்தைவிடப் பெரிய எதிரி தாகம். நீராவி எஞ்சின் நிலக்கரியைத் தின்பதைக் காட்டிலும் பல மடங்கு நீரைக் குடிக்கும். பாதை பழைய ஷாம் ஹஜ் வழியையே ஒட்டிச் சென்றது. அந்த வழியில் கோட்டைகளும் மழைநீர்க் குளங்களும் கிணறுகளும் நூற்றாண்டுகளாக இருந்தன. ஆனால் ஒட்டகங்களின் காஃபிலாவுக்குப் போதுமான நீர் இரயிலுக்குப் போதவில்லை. புதிய கிணறுகள் தோண்டினார்கள். காற்றாலைகள் நிறுத்தி நீர் இறைத்தார்கள். நிலையங்களில் தொட்டிகள் கட்டினார்கள். அப்படியும் போதாமல், வண்டிகளிலேயே நீர் வேகன்களையும் பூட்டிச் சென்றார்கள். இப்படிப் பூட்டிய ஒவ்வொரு நீர் வேகனும் ஒரு சரக்கு வேகனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் தன் வலுவில் ஒரு பங்கைத் தன் தாகத்துக்கான நீரைச் சுமப்பதிலேயே செலவிட்டது. நிலக்கரியின் கதையும் இதுதான். அது கப்பலில் ஹைஃபாவுக்கு வந்து, அங்கிருந்து தெற்கே வேகன்களில் போக வேண்டும். தெற்கே செல்லச் செல்ல, நிலக்கரியைக் கொண்டு சேர்ப்பதற்காக எரிக்கும் நிலக்கரி கூடிக்கொண்டே போகும்.

கிடைத்த நீரும் நல்ல நீராக இல்லை. மதீனாவுக்கு வடக்கே ஹதிய்யாவில் நீர் ஏராளம்; ஆனால் உப்பு மிகுந்தது. அத்தகைய நீர் கொதிகலனின் உட்சுவரிலும் குழாய்களிலும் சுண்ணாம்புப் படலமாகப் படியும். படலம் தடித்தால் வெப்பம் நீருக்குச் சரியாகச் சேராது, எரிபொருள் வீணாகும், குழாய்கள் வெடிக்கும். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே படலம்தான். எஞ்சின்கள் அடிக்கடி பணிமனைக்குத் திரும்பிக் கொதிகலனைச் சுரண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. திமிஷ்கின் கதம் பணிமனைதான் பெரியது. வழியில் மதாயின் ஸாலிஹிலும் பணிமனை அமைத்தார்கள்.

மதாயின் ஸாலிஹ் என்பது ஸாலிஹ் (அலை) அவர்களின் ஸமூது சமூகம் வாழ்ந்த அல்-ஹிஜ்ர். தபூக் பயணத்தில் அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அங்குள்ள கிணறுகளின் நீரைப் பருக வேண்டாம் என்று தோழர்களைத் தடுத்து, ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளப் பணித்ததை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். இரயில் பாதை அதே நிலத்தின் வழியாகத்தான் மதீனாவை நோக்கிச் சென்றது. அதில் பயணம் செய்த ஹாஜிகள் இந்த நிகழ்ச்சியை நினைக்காமல் அந்த நிலையத்தைக் கடந்திருக்க மாட்டார்கள்.

ஹாஜிகளுக்கென முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் இருந்தன. தொழுகைக்கென ஒரு பெட்டியும் இருந்தது. ஹஜ் முடிந்து திரும்புவோரைச் சோதிக்கத் தபூக்கில் நோய்த்தடுப்பு மருத்துவமனை அமைத்தார்கள். ஆனால் ஹஜ் என்பது ஆண்டில் சில வாரங்கள். அந்த நெரிசலில் பயணிகள் பெட்டிகள் போதாமல், மூடிய சரக்கு வேகன்களிலும் ஹாஜிகள் ஏற்றப்பட்டனர். நெரிசல் தீர்ந்தால் மதீனாவை நோக்கிய வண்டிகளில் கூட்டம் குறைந்துவிடும். ஹிஜாஸுக்குத் தானியமும் துணியும் போகும். அங்கிருந்து வடக்கே அனுப்புவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பும் வேகன்கள் பெரும்பாலும் காலியாகவே வரும். நன்கொடையால் கட்டிய பாதைக்கு முதலீட்டின் வட்டிச் சுமை இல்லை என்பது பெரும் அனுகூலம். ஆனால் நிலக்கரிக்கும் கூலிக்கும் அன்றாடம் பணம் வேண்டுமே.

அந்தப் பணத்தில் பெரும்பங்கைத் தந்தது வடக்குப் பகுதி. ஹவ்ரான் சமவெளி பண்டைக் காலம் முதல் கோதுமை விளையும் பூமி. ஒட்டக முதுகில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கோதுமை, 1905க்குப் பிறகு தர்ஆவில் வேகன் ஏறி யர்மூக் பள்ளத்தாக்கு வழியே ஹைஃபாவில் இறங்கிக் கப்பலுக்குச் சென்றது. சிற்றூராக இருந்த ஹைஃபா துறைமுக நகராக வளர்ந்தது. பிரெஞ்சு நிறுவனத்தின் பெய்ரூத் பாதையிலிருந்து சரக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு ஹிஜாஸ் இரயிலின் கிளை வலுப்பெற்றது. மதீனாவுக்கு ஹாஜிகள் செல்லும் வண்டிக்கு ஹவ்ரான் விவசாயியின் மூட்டை கூலி கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது. வணிகம் புகுந்துவிட்டதே என்று இதை ஒரு குறையாக எழுதுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த கடைகளின் வாடகையில் பள்ளிவாசலின் விளக்கு எரிவதை நாம் குறை சொல்வதில்லையே.

உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. ஹஜ் வழியில் ஒட்டகம் வாடகைக்கு விட்டும், காஃபிலாக்களுக்குக் காவல் தந்து அதற்கு ஈடாக அரசிடம் மானியம் பெற்றும் வாழ்ந்த பதூவிக் குலங்கள் ஹிஜாஸ் முழுவதும் இருந்தன. இரயில் அவர்கள் வாயிலிருந்து உணவைப் பறித்தது. பாதை மதீனாவை நெருங்கிய 1908இல் அவர்கள் தாக்கினார்கள். மக்கா வரை பாதை நீளாமல் போனதற்கு அவர்களின் எதிர்ப்பும், இஸ்தான்புல்லின் பிடி இறுகும் என்று அஞ்சிய மக்கா ஷரீஃபின் தயக்கமும் காரணம். மறு ஆண்டே சுல்தான் அப்துல் ஹமீத் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். கொள்ளையர்கள் என்று ஒரே சொல்லில் இம்மக்களை ஒதுக்கிவிடும் எழுத்து நமக்கு ஏற்புடையதன்று. உம்மத்தின் நன்மைக்கு என்று தீட்டிய திட்டத்தில், அதே உம்மத்தின் ஏழை ஒருவனின் பிழைப்புக்கு மாற்று என்ன என்பதைப் போதுமான அளவு யாரும் யோசிக்கவில்லை.

1914இல் போர் வந்தது. கடல் முற்றுகையால் ஹைஃபாவுக்கு நிலக்கரி வருவது நின்றது. எஞ்சின்கள் விறகுக்கு மாறின. ஜோர்தானின் மேட்டு நிலத்தில், ஷவ்பக் அருகே, பழைய கருவாலிக் காடு இருந்தது. அதை வெட்டிக் கொண்டுவருவதற்கென்றே உனைஸா நிலையத்திலிருந்து ஒரு கிளைப்பாதை போட்டார்கள். ஒலிவ மரங்களும் வெட்டப்பட்டன. விறகில் நிலக்கரியின் வெப்பம் கிடைக்காது. அது அடைத்துக்கொள்ளும் இடமோ அதிகம். நீர் வேகனோடு விறகு வேகன்களும் சேர்ந்துகொள்ள, சரக்குக்கான இடம் மேலும் சுருங்கியது. அந்நிலையிலும் மதீனாவின் துருக்கியப் படைக்கு உணவும் தோட்டாவும் இந்த ஒற்றைப் பாதையில்தான் போயின.

1916 ஜூனில் ஷரீஃப் ஹுஸைன் கிளர்ச்சி செய்தார். 1917 தொடக்கம் முதல் கார்லண்ட், நியூகோம்ப், லாரன்ஸ் முதலிய பிரிட்டிஷ் அதிகாரிகளும் அரபுக் குழுக்களும் தண்டவாளத்தில் வெடி வைக்கத் தொடங்கினர். திரைப்படத்தின் புண்ணியத்தில் உலகம் லாரன்ஸ் ஒருவரை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. படத்தில் காட்டாத ஒன்று உண்டு: வெடி வைத்தவர்கள் போன பிறகு பழுதுபார்க்கும் துருக்கிய அணி வரும், வளைந்த தண்டவாளத்தைக் கழற்றி எறிந்து வேறொன்றை இடும், வண்டி மீண்டும் ஓடும். இப்படியே 1918 வரை பாதையின் பெரும்பகுதியை அவர்கள் ஓட்டினார்கள். ஃபக்ரி பாஷாவின் தலைமையில் இருந்த மதீனா, போர் நிறுத்தத்துக்குப் பிறகும் பணியாமல் நின்று, 1919 ஜனவரியில்தான் சரணடைந்தது.

அந்த முற்றுகைக் காலத்தில் மதீனாவிலிருந்து வடக்கே சென்ற வண்டிகள் இரண்டு விதமான சுமையைக் கொண்டு சென்றன. ஒன்று, நபி (ஸல்) அவர்களின் புனித அறையில் காக்கப்பட்டு வந்த அமானத்துப் பொருட்கள். ஃபக்ரி பாஷா அவற்றை 1917இல் காவலுடன் இஸ்தான்புல்லுக்கு அனுப்பினார். இன்று தோப்காபி அரண்மனைக்குச் செல்வோர் அவற்றைக் காண்கின்றனர். அவை அங்கே இருப்பது சரியா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

மற்றொரு சுமை, மதீனாவின் மக்கள். முற்றுகையில் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. படை பட்டினி கிடக்காமலிருக்க நகரத்தாரை வெளியேற்றுவது என்று பாஷா முடிவு செய்தார். குடும்பம் குடும்பமாக வண்டியேற்றப்பட்டு ஷாமுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பப்பட்டனர். பலர் வழியிலும், போய்ச் சேர்ந்த ஊர்களில் பஞ்சத்திலும் நோயிலும் இறந்தனர். பலர் திரும்பவேயில்லை. ஸஃபர் பர்லிக் என்ற பெயரில் மதீனாக் குடும்பங்கள் அந்தப் பிரிவை இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஃபக்ரி பாஷாவை மதீனாவின் பாதுகாவலர் என்று போற்றுவது துருக்கிய மரபு. முஹாஜிர்களை வரவேற்ற ஊரை அவர் காலி செய்தார் என்பது மதீனா வாசிகளின் நினைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. நபியின் நகருக்கு மக்களைக் கொண்டு சேர்ப்பதற்காகக் குர்பானித் தோல் விற்றுக் கட்டிய பாதை, அந்த நகரின் மக்களையே ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடியது. அதன் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பயணம் வேறில்லை.

போருக்குப் பின் பாதை துண்டாயிற்று. சிரியாப் பகுதி பிரெஞ்சுக்காரரிடம், பலஸ்தீனமும் ஜோர்தானும் பிரிட்டிஷாரிடம், தெற்கே ஹிஜாஸ். இது ஓர் அரசின் சொத்தன்று, உலக முஸ்லிம்களின் வக்ஃபு, ஆகவே முஸ்லிம்களின் ஒரே நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1923 ஜனவரியில் லோசான் மாநாட்டில் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஓர் அறிவிப்புச் செய்தன. இரயிலின் சமயத் தன்மையை ஏற்பதாகவும், சிரியா, பலஸ்தீனம், ஜோர்தான், ஹிஜாஸ் ஆகியவற்றின் முஸ்லிம் பிரதிநிதிகள் நால்வர் அடங்கிய ஆலோசனைக் குழு மதீனாவில் அமையும் என்றும் அதில் கூறின. காகிதத்தில் ஏற்றார்கள், பாதையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். அதிலும் இலாபம் தரும் ஹைஃபாப் பகுதி முழுக்க அவர்களிடம் இருந்தது. செலவு மட்டுமே உள்ள பாலைவனப் பகுதியைச் சீர்செய்யப் பணம் தர எவரும் முன்வரவில்லை. கோதுமைக் கூலி வடக்கில் நின்றதும் தெற்கு உலர்ந்தது. 1920களின் நடுப்பகுதியோடு மதீனாவுக்கு வண்டி வருவது நின்றுபோயிற்று. திறப்பு விழாவிலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகூட ஆகவில்லை.

ஹைஃபாக் கிளையும் நிலைக்கவில்லை. 1946 ஜூனில் யூத ஆயுதக் குழுவான ஹகானா யர்மூக் பள்ளத்தாக்கின் இரயில் பாலத்தைத் தகர்த்தது. பிறகு எல்லைகள் மூடின. பாதையை மீண்டும் மதீனா வரை கட்டும் முயற்சி 1960களில் மும்முரமாகத் தொடங்கி, 1967 போரோடு நின்றது.

ஜோர்தானில் மட்டும் கதை வேறு திசையில் போனது. 1950களில் அங்குள்ள பாதைக்கு ஜெர்மனியின் யுங், பிரிட்டனின் ராபர்ட் ஸ்டீபன்சன், ஜப்பானின் நிப்பான் ஷாரியோ ஆகிய நிறுவனங்களிலிருந்து புதிய நீராவி எஞ்சின்கள் வந்தன. அவற்றுள் சில அம்மான் நிலையத்தில் இன்றும் நிற்கின்றன. பாலைவனத்தில் பாஸ்பேட் சுரங்கங்கள் பெருகவே, பழைய பாதையின் ஒரு பகுதியைப் பலப்படுத்தி, 1975இல் அகபா துறைமுகத்துக்குப் புதிய இணைப்புப் போட்டார்கள். பல்லாண்டுகள் டீசல் எஞ்சின்கள் அதில் பாஸ்பேட் வேகன்களை இழுத்தன. ஹவ்ரான் கோதுமை செய்த வேலையை இங்கே தாது செய்தது. சரக்கு கிடைத்த துண்டு பிழைத்தது. கிடைக்காத துண்டு மணலில் கிடக்கிறது. ஜோர்தானில் உள்ள இரயில் நிலங்களும் கட்டடங்களும் இன்றும் வக்ஃபுச் சொத்தாகவே கருதப்படுகின்றன.

சவூதிப் பகுதியில் தண்டவாளங்களும் எஃகுக் கட்டைகளும் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டன. கற்பாலங்களும், கோட்டை போன்ற நிலையக் கட்டடங்களும் எஞ்சியுள்ளன. ஹதிய்யா, புவைர் போன்ற இடங்களில் எஞ்சின்கள் துருவேறிக் கிடக்கின்றன. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே நம் முன்னோர் எதிர்பார்த்த இரயில் 2018இல் ஹரமைன் அதிவேக இரயிலாக வந்தது. வேறு அளவில், வேறு வழியில், மின்சாரத்தில்.

உம்ராவுக்குச் செல்லும் குடும்பங்களுள் அல்-உலா வரை போக விரும்புவோர் இப்போது பெருகி வருகின்றனர். மதாயின் ஸாலிஹின் பழைய நிலையமும் பணிமனையும் தொல்லியல் பகுதிக்குள்ளேயே உள்ளன. ஸமூது மக்களின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் என்ற நபிமொழியை மனத்திற்கொண்டு, போவதா வேண்டாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். மதீனாவின் அன்பரிய்யா நிலையத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை. ஹரமிலிருந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.